தெருவிளக்கு ஏற்றியவர்கள்: உங்கள் ஊரில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

மேலவீதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பிறந்த வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரண் மேல் கிடந்ததை இறக்கியபோது ஒரு தகரப் பெட்டிக்குள் வினோதமான கத்தரி ஒன்று கிடைத்தது. அலகு குட்டை, முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. ஓர் அலகின் பக்கத்தில் நகத்தளவு தகடு ஒன்று பற்றவைத்திருக்கிறது. எதற்கென்று புரியாமல் அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது 84 வயது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவோட திரிக்கத்தரிடா இது. வெட்டின கரி விளக்குக்குள்ள விழாம அந்தத் தகடு ஏந்திக்கும்" என்றார்.

அம்மாவின் அப்பா எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் தெருவிளக்கு ஏற்றுபவராக இருந்தார் என்பது தெரியும். கும்பகோணம் பக்கம் சின்ன ஊர். 36 விளக்கு. கரண்ட் வரும்வரை அதுதான் அவர் வேலை. ஆனால் அந்த வேலை என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தீக்குச்சி கிழித்துப் பற்றவைப்பது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அன்று அம்மா சொல்லச் சொல்ல, இத்தனை வருஷம் தப்பாகவே நினைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கே தாத்தா கிளம்பிவிடுவாராம். தோளில் ஏணி, கையில் சீமெண்ணெய் டின், இடுப்பில் துணி, ஒரு சின்ன அளவைக் கிண்ணம், இந்தக் கத்தரி. ஒவ்வொரு கம்பமாக ஏறி, கண்ணாடிக் கூண்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சிம்னியைக் கழற்றிக் கீழே நீட்டுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அதை வாங்கிப் பிடிப்பது அம்மாவின் வேலை. முந்தின இரவின் கரி உள்பக்கம் படிந்திருக்கும். துணியில் திருநீறு தொட்டுச் சுழற்றித் துடைப்பார்கள். அப்புறம் திரி. நாடாத் திரியை நேராக வெட்டினால் மட்டும் போதாது, இரண்டு ஓரத்தையும் துளி மழுக்க வேண்டும். மழுக்காவிட்டால் சுடருக்கு இரண்டு கொம்பு முளைக்கும். கொம்பு போய்க் கண்ணாடியைக் கரியாக்கும், சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும். கடைசியாக எண்ணெய். கிண்ணத்தால் அளந்துதான்.

இதெல்லாம் முடிய ஐந்தரை ஆகிவிடும். அதற்கப்புறம்தான் ஏற்றுவதற்கு இரண்டாவது சுற்று. "ஏத்துறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. மத்ததெல்லாம் துடைக்கிறதுதான்" என்றார் அம்மா.

உங்கள் ஊரில் இதைப் பார்த்தவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்கள் ஊரில் 'லாந்தர்க்காரர்' என்பார்கள். வேறு பெயர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய லைன்மேன்

நல்ல இழை தொடங்கினீர்கள். நான் மின்வாரியத்தில் 33 வருஷம் கம்பம் ஏறியவன். நான் சேர்ந்தபோது இருந்த மூத்த லைன்மேன் ஒருவர், தான் சிறுவனாக இருந்தபோது தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர்களைப் பார்த்ததாகச் சொல்வார். எங்கள் வடாற்காடு பக்கம் சீமெண்ணெயைக் கிருஷ்ணாயில் என்பார்கள். அதனால் 'கிருஷ்ணாயில்காரர்'.

ஒரு கேள்வி. நிலா வெளிச்சம் இருக்கும் நாளில் உங்கள் தாத்தாவுக்கு லீவா? எங்கள் பெரியவர் பௌர்ணமியை ஒட்டி விளக்கே கிடையாது என்பார்.

மேலவீதி

ஐயா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். லீவு இல்லை, திட்டுதான் என்றார்.

போர்டில் ஒரு பட்டியல் போடுவார்களாம், பஞ்சாங்கம் பார்த்து. வளர்பிறையில் பாதிக்கு மேல் போய்விட்டால் விளக்கு இல்லை. தேய்பிறையில் நிலா எப்போது எழும் என்று பார்த்து, அதுவரைக்கும் எரியும்படி எண்ணெயைக் குறைத்து ஊற்ற வேண்டும். எண்ணெய்ச் செலவு மிச்சம் பிடிக்கத்தான். சிக்கல் ஐப்பசியில் வரும். பஞ்சாங்கப்படி பௌர்ணமி, வானத்தில் கருமேகம், ஊர் முழுக்கக் கும்மிருட்டு. வழியில் தடுக்கி விழுந்தவர்கள் எல்லாம் தாத்தாவைத்தான் திட்டுவார்கள். ஏற்றினால் போர்டில் கணக்கு கேட்பார்கள், ஏற்றாவிட்டால் தெருவில் வசவு. ஒருமுறை கோயில் வாசல் விளக்கை மட்டும் சொந்தக் காசில் எண்ணெய் வாங்கி ஏற்றியிருக்கிறார். அதற்கும், முன்பு திருடி வைத்த எண்ணெய்தானே என்று கேட்டார்களாம். விடியுமுன் எந்த விளக்காவது அணைந்திருந்தால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். காற்றில் அணைந்ததா, எண்ணெய் தீர்ந்து அணைந்ததா என்று யாரும் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறிவிட்டது. எழுபது வருஷமாகியும் ஆறவில்லை.

நூலகத் திண்ணை

இந்த நிலாக் கணக்கு உலகம் முழுக்க இருந்திருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்காவிலும் பல நகரங்கள் பஞ்சாங்கம் போன்ற அட்டவணை வைத்துத்தான் விளக்கு ஏற்றின. மேகம் மூடிய பௌர்ணமிக்கு அங்கேயும் இதே புகார்தான்.

உங்கள் அம்மா சொன்னதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. தெருவிளக்கில் படித்து முன்னேறியவர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சர் தி. முத்துசாமி ஐயர். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. வறுமையில் வீட்டு விளக்குக்கு வழியில்லாமல் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தார் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை கேட்டிருப்போம். நானும் கட்டுரைப் போட்டியில் எழுதியிருக்கிறேன். மனதுக்குள் ஒரு மின்கம்பத்தையும் பல்பையும்தான் வைத்துக்கொண்டு எழுதினேன்.

அவர் பிறந்தது 1832இல். படித்தது 1840களில். அப்போது மின்சாரத்தை விடுங்கள், மண்ணெண்ணெயே கிடையாது. அமெரிக்காவில் டைட்டஸ்வில் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டியதே 1859இல். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய் மலிந்து உலகமெல்லாம் போனது. ஆக அவர் உட்கார்ந்திருந்தால் அது ஏதோ ஒரு தாவர எண்ணெய் விளக்கடியில்தான். அதை ஒருவர் தினமும் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி ஏற்றியிருக்க வேண்டும். படித்தவருக்கு உயர்நீதிமன்றத்தில் சிலை இருக்கிறது. ஏற்றியவரை நான் ஒரு கட்டுரையிலும் பார்த்ததில்லை. என் கட்டுரையிலும் அவர் இல்லை.

தறிச்சத்தம்

எல்லாம் உருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி இழைகள் கொஞ்ச நேரத்தில் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடிந்துவிடும் என்பது என் பயம். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி எட்டு மணிக்கு மேல் தெருவில் கால் வைத்ததில்லை. 36 விளக்கு என்கிறீர்களே, அதில் எத்தனை கோயில் வீதியிலும் பெரிய வீட்டு வாசலிலும் இருந்தன? எங்கள் தெருவில் ஒன்றுகூட இருந்ததில்லை. பாம்பு கடித்துச் செத்தவர்கள் எங்கள் பக்கம்தான் அதிகம். கரண்ட் வந்தபோதுதான் எங்கள் தெருவுக்கு வெளிச்சமே வந்தது. கையால் ஏற்றிய விளக்கைப் பற்றி ஏங்குவதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை.

மேலவீதி

நண்பரே, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அம்மாவை உட்காரவைத்து 36 விளக்கும் எங்கெங்கே என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். இத்தனை வயதிலும் ஒவ்வொரு கம்பமாகச் சொன்னார். தாத்தாவுடன் நடந்த பாதை அல்லவா. நாலு வீதி, கடைத்தெரு, ஆற்றுப் படித்துறை, சத்திரம், போலீஸ் ஸ்டேஷன். நாங்கள் குடியிருந்த தெருவில் ஒன்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னபடியேதான்.

நான் ஏங்கவில்லை. தாத்தாவுமே கரண்ட் வந்தபோது சந்தோஷப்பட்டாராம். என் ஆதங்கம் அந்த வேலையைப் பற்றி யாருக்கும் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான். இருட்டு ஒழிந்ததும் இருட்டோடு மல்லுக்கட்டியவரையும் சேர்த்து மறந்துவிட்டோம்.

பழைய லைன்மேன்

தறிச்சத்தம் சொன்னது முழுக்க உண்மை. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தும், கம்பி முதலில் போனது ஆலைகளுக்கும் பெரிய ஊர்களுக்கும்தான். 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகும் கடைசித் தெருவுக்குப் போய்ச்சேர வருஷக்கணக்கானது. நானே 80களில் காலனிகளுக்குப் புதிதாகக் கம்பம் நட்டிருக்கிறேன். விளக்கு எரிந்த முதல் நாள் ஒரு கிழவி கம்பத்துக்குச் சூடம் காட்டினார். மறக்க முடியாது.

தேம்ஸ் கரை

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே இந்தத் தொழில் இன்னும் சாகவில்லை. செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம், கோவென்ட் கார்டன் சந்துகள் என்று நகரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காஸ் விளக்குகள் இன்றும் எரிகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான்.

போன குளிர்காலத்தில் பூங்கா ஓரத்தில் ஒருவர் வேலை செய்வதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தேன். கம்பத்தின் மேல்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும், அது ஏணியைச் சாய்க்கத்தான். ஏறிக் கூண்டைத் திறந்தார். நான் தீக்குச்சியை எதிர்பார்த்தேன். அவர் எடுத்தது துணி. கண்ணாடியின் நான்கு பக்கமும் உள்ளும் புறமும் துடைத்தார். அப்புறம் உள்ளே இருந்த ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். இங்கே விளக்குக்குள் எப்போதும் ஒரு பொட்டுச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். நேரம் வந்ததும் கடிகாரம் காஸைத் திறந்துவிடும், பொட்டுச் சுடரிலிருந்து பெரிய விளக்கு பற்றிக்கொள்ளும். அந்தக் கடிகாரத்துக்கு 14 நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். சூரியன் மறையும் நேரம் மாற மாற முள்ளையும் மாற்றி வைக்க வேண்டும். மேலவீதி, உங்கள் அம்மா சொன்ன வாக்கியத்தை நான் கண்ணால் பார்த்தேன்: மற்றதெல்லாம் துடைப்பதுதான்.

வரலாறும் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே பால் மால் தெருவில் 1807 ஜனவரியில் வின்சர் என்ற ஜெர்மானியர் காஸ் விளக்கு எரித்துக் காட்டினார். 1812இல் காஸ் கம்பெனி ஒன்றுக்கு அரச சாசனம் கிடைத்தது. 1813 டிசம்பர் 31 இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் காஸ் விளக்குகள். எண்ணெய் விளக்கு ஏற்றிப் பழகியவர்கள் காஸைத் தொடவே பயந்ததால், பொறியாளர் சாமுவேல் கிளெக் தானே நடந்து போய் ஏற்றினார் என்று சொல்வார்கள். பயம் தெளிந்த பிறகு ஏணியும் போய், நீண்ட கோல் வந்தது. கோலின் நுனியில் ஒரு சுடர், குழாயைத் திருக ஒரு கொக்கி. முதல் உலகப் போரில் ஆண்கள் போய்விட, பெண்கள் இந்தக் கோலைப் பிடித்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று இருட்டடிப்பு உத்தரவு வந்து எல்லாம் அணைந்தன.

2021இல் இங்குள்ள நகராட்சி சில நூறு காஸ் விளக்குகளை எல்.இ.டி. ஆக்கப் போவதாகச் சொன்னதும் மக்கள் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு பல விளக்குகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் ஏறின. எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு. காஸ் வீணாவது உண்மை. ஆனாலும் அந்த வெளிச்சத்தில் நடந்து பார்த்தால் விடச் சொல்ல மனம் வராது. கண்ணைக் குத்தாது, நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி இதமாக இருக்கும்.

குளச்சல் கடல்

தேம்ஸ் கரை அண்ணா, அந்த இதமான வெளிச்சத்தில் எங்கள் ஊர் மண்ணுக்குப் பங்கு உண்டு. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நேர்ப்பொருளில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப கால காஸ் விளக்கு வெறும் சுடர். மஞ்சளாக, புகையாக, ஆடிக்கொண்டே எரியும். அதை மாற்றியது மேண்டில். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் என்ற வேதியியலாளர் 1885இல் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் மேண்டில் பச்சை அடித்ததால் எடுபடவில்லை. 1891இல் விகிதத்தைப் பிடித்தார்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. துணி வலையை இந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல் முறை பற்றவைக்கும்போது துணி எரிந்து போய்விடும். மிஞ்சுவது சாம்பல் கூடு. சூடேறியதும் அந்தக் கூடுதான் வெள்ளையாக ஒளிரும். சுடர் வெறும் சூடு தருவதோடு சரி.

பெட்ரோமாக்ஸ் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது கைவந்த விஷயம். எங்கள் அப்பா வாடகைக்கு பெட்ரோமாக்ஸ் விட்டவர். கல்யாணம், சாமி ஊர்வலம், கரைமடி வலை இழுக்கும் இரவு என்று எங்கும் போகும். புது மேண்டிலைக் கழுத்தில் நூலால் கட்டி, பற்றவைத்ததும் அது கறுத்துச் சுருங்கி, பிறகு முட்டை ஓடு மாதிரி வெளுத்து உருண்டுகொள்ளும். அதற்கப்புறம் மூச்சுக்கூட விடக்கூடாது. விரல் பட்டால் மாவு. மழைக்காலத்தில் ஒரு ஈசல் உள்ளே புகுந்து மோதினால் போச்சு, ஓட்டை விழுந்து அதன் வழியாகச் சுடர் சீறிக் கண்ணாடி வெடிக்கும். ஊர்வலத்தில் தலையில் விளக்கு சுமந்து போகிறவர்கள் கழுத்தை ஆட்டாமல் நடப்பது அதனால்தான்.

சரி, எங்கள் மண்ணுக்கு வருகிறேன். தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற மணலிலிருந்து. அப்போது அது பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். சோதித்துப் பார்த்தால் மோனசைட். கயிறு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். அன்றைக்கு நாங்கள் திருவிதாங்கூர், 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். முதல் உலகப் போர் வந்ததும் அவர் கையை விட்டு ஆலை போய்விட்டது, ஆங்கிலேயக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு நிறுவனமானது. மணல் ஆலை என்று இன்றும் எங்கள் ஊரில் வழி சொல்வார்கள்.

கடற்கரையில் அந்தக் கறுத்த மணலை அள்ளிச் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன்மார். அது எதற்குப் போகிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பெர்லினிலும் லண்டனிலும் யாரோ ஒருவர் கம்பத்தில் ஏறி, இந்த மணலிலிருந்து செய்த கூட்டை மாட்டிவிட்டு இறங்கியிருப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். அந்த மணலில் கதிர்வீச்சும் உண்டு என்பது, அதை அள்ளியவர்களுக்கு வெகுகாலம் யாரும் சொல்லாத விஷயம். அதை எழுதாமல் பெருமை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

நூலகத் திண்ணை

குளச்சல், இதைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கயிற்றில் ஒட்டிய மணல்!

நம் நாட்டில் காஸ் விளக்கு பற்றி இரண்டு வரி. கல்கத்தாவில் 1857இல் வந்தது. பம்பாயில் 1865 அக்டோபரில். பம்பாயில் முதல் நாள் மாலை விளக்கேற்றுபவர் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போகப் போக, வாயடைத்த கூட்டம் ஒன்று அவர் பின்னாலேயே நடந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரே ஒரு நாளாவது அந்தத் தொழிலாளி ஊர்வலத்தின் முன்னால் நடந்திருக்கிறார்.

கல்லாங் ஆறு

சிங்கப்பூரிலிருந்து. இங்கே முதலில் 1824இல் தேங்காயெண்ணெய் விளக்குகள். 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று காஸ் விளக்கு ஏற்றினார்கள். காஸ் வந்தது கல்லாங்கில் இருந்த ஆலையிலிருந்து. 1906இல் மின்விளக்கு. எங்கள் தாத்தா நகராட்சிக் கூலியாக வந்தவர், ஆனால் அவர் சாலை போடும் பிரிவு. விளக்குப் பிரிவில் இருந்தவர்கள் குடும்பத்தார் யாராவது இங்கே படித்தால் எழுதுங்கள்.

ஆற்றோரம்

ஆசியாவிலேயே முதலில் மின் தெருவிளக்கு எரிந்தது பெங்களூரில், 1905 ஆகஸ்ட் 5 அன்று, சிவசமுத்திரம் நீர்மின்சாரத்தில். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூலகத் திண்ணை

தேதியும் சிவசமுத்திரமும் சரி. 'ஆசியாவிலேயே முதல்' என்பது சரியில்லை. ஷாங்காயில் 1882இலேயே மின்விளக்கு தெருவில் எரிந்திருக்கிறது. பல இடங்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது, நாமாவது எழுதாமல் இருப்போம்.

தறிச்சத்தம்

முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். மேலவீதி அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதியது மனதைத் தொட்டது. நன்றி.

நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், அதனால் ஒரு தகவல். 1907 ஏப்ரலில் நியூயார்க்கில் விளக்கேற்றுபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தில் தெருத்தெருவாக இருட்டு. போலீஸ்காரர்களை அனுப்பி ஏற்றச் சொன்னார்கள். அவர்களுக்கு ஏணியும் சரியாக இல்லை, பழக்கமும் இல்லை, பின்னால் சிறுவர் கூட்டம் வேறு துரத்தியது. அப்போதே மின்விளக்குகள் பரவிக்கொண்டிருந்த ஊர் அது. ஒரு சுவிட்சைப் போட்டால் பல விளக்கு எரியும் காலத்தில் வேலைநிறுத்தம் எவ்வளவு நாள் தாங்கும்? அதன் பிறகு அந்தத் தொழில் வேகமாகத் தேய்ந்தது. உங்கள் தாத்தாவுக்குக் கரண்ட் வந்தபோது மாற்று வேலை கொடுத்தார்களா? அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

மேலவீதி

கொடுக்கவில்லை நண்பரே. ஏணியை ஒப்படைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஓய்வூதியம் ஒன்றும் கிடையாது, நிரந்தர ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 20 வருஷத்துக்கு மேல் தினமும் ஏறியவர். பிறகு நெல் மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்த்தார். கத்தரி மட்டும் சொந்தக் காசில் கொல்லரிடம் செய்தது என்பதால் கொடுக்கவில்லையாம்.

அம்மா ஒன்று சொன்னார். வேலை போன பிறகும் வெகுநாள் தாத்தா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். அணைக்கப் போக வேண்டிய நேரம் அது.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தெரு லாம்பு ஏற்றினவையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் சிம்னி துடைக்கிறது, திரி வெட்டுறது என்று வாசிக்கேக்க எங்கட 90கள் கண்ணுக்கு முன்னால வந்தது.

1990இல கரண்ட் நின்றது. வருஷக்கணக்கில் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கிடைச்சாலும் விலை நெருப்பு. அரிக்கன் லாம்பு எரிக்கக் கட்டுப்படியாகாது. அப்பதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி. போத்தலின் சுவரே சிம்னி. ஒரு கரண்டி எண்ணெயில் இரவு படிச்சு முடிக்கலாம். நான் ஏ.எல். சோதனைக்கு (உங்கட பிளஸ் டூ மாதிரி) படிச்சது அந்த வெளிச்சத்தில்தான். மூக்குக்குள்ள காலையில் கரி இருக்கும். நாள்தோறும் பின்னேரம் போத்தல் துடைக்கிறது அம்மம்மா. எங்கள் நாலு பேருக்கும் நாலு போத்தல். முத்துசாமி ஐயர் கதையில் விளக்கேற்றினவரைக் காணவில்லை என்று எழுதினீங்கள். நான் சோதனை பாஸ் பண்ணின கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறன், அம்மம்மா துடைச்சதை இன்றைக்குத்தான் முதன்முதலில் எழுதுறன்.

தேம்ஸ் கரை

வடமராட்சி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

போலந்தின் விராத்ஸ்வாஃப் நகரில் தீவு போன்ற ஒரு பழைய பகுதியில் சுமார் நூறு காஸ் விளக்குகளை இன்றும் ஒருவர் கோல் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறார், கறுப்பு மேலங்கியும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு. குரோஷியாவின் சாக்ரெப்பிலும் மேல் நகரத்தில் இருநூறுக்கு மேற்பட்ட விளக்குகள் இப்படி உண்டு. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் உங்கள் அம்மம்மாவின் போத்தலுக்கு முன்னால் எனக்கு அது சின்னதாகத் தெரிகிறது.

பழைய லைன்மேன்

தொழில் ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். ஒன்று சொல்லட்டுமா? முழுக்க ஒழியவில்லை. நகரத்தில் தானியங்கி டைமர் வந்துவிட்டது. ஆனால் எத்தனையோ கிராமப் பஞ்சாயத்துகளில் இன்றைக்கும் மாலையில் ஒரு மனிதர் நடந்து போய்த்தான் தெருவிளக்கு சுவிட்சைப் போடுகிறார். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, குளோரின் கலப்பது, அதோடு விளக்கும். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டால் மறுநாள் பகல் முழுக்க விளக்கு எரியும், எல்லோரும் பஞ்சாயத்தைத் திட்டுவார்கள். மேலவீதி, உங்கள் ஊரில் யார் போடுகிறார் என்று பாருங்களேன். கத்தரியின் படமும் போடுங்கள்.

மேலவீதி

ஐயா, நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் அந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

தொட்டியின் அடியில் துருப்பிடித்த ஒரு பெட்டி. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே பல்லி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று சுவிட்சைக் கீழிருந்து மேலே தள்ளினார். ஒன்று வடக்கே, ஒன்று கோயில் பக்கம், ஒன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மணி ஆறு கூட ஆகவில்லை. எத்தனை மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஆறரைன்னுதாண்ணே சொல்லியிருக்காங்க. மேகம் இருட்டிக்கிட்டு வருது பாருங்க, டியூசன் முடிஞ்சு பொம்பளப் புள்ளைங்க வர்ற நேரம்" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எத்தனை விளக்கு என்று எண்ணினேன். 14. தறிச்சத்தம், இது உங்களுக்காக.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "காலையில அணைக்கிறது யாரு?" என்றார். அவரேதான் என்றேன்.

"தண்ணிக்கும் மோட்டார் போடணும். அப்போ அவர் தூங்குறது எப்போ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று மாலை போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். கத்தரிப் படம் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.